வீட்டு விளக்கொளியும் ஒளிமானியும்

மக்கள் வழங்கும் அளவு கருவிகளுள் ஒளியை அளக்கும் கருவி மிக இளையவற்றுள் ஒன்று. நெல்லுக்கு மரக்காலும், பொன்னுக்குத் தராசும், நிலத்துக்குச் சங்கிலியும் நெடுங்காலமாக வழங்கி வந்தன. ஒளிக்கோ கண்ணின் மதிப்பே பன்னாள் வரை அளவாக இருந்தது. ஒளி பட்டவளவில் தானே மின்சாரம் பிறப்பிக்கும் செலீனியத் தகட்டைக் கொண்டு, கைக்கடங்கிய ஒளிமானி ஒன்றை அமெரிக்க நாட்டு வெஸ்டன் கம்பெனியார் 1932ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதன்பின் படமெடுப்போர் பலரும் கண்ணை நம்புவதை விட்டு முள்ளை நம்பத் தலைப்பட்டனர். இன்று செல்பேசி வைத்திருப்பார் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஓர் ஒளிமானி இருக்கின்றது. அதன் சொல்லை எவ்வளவிற் கொள்ளலாம், வீட்டு விளக்கின்கீழ் அது எங்ஙனம் வழுவுகின்றது, வழுவுங்கால் யார் முகம் இருளடைகின்றது என்பனவே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

முதற்கண் ஒளிமானி யாது செய்கின்றது என்பதைத் தெளிதல் வேண்டும். ஒளிமானிகள் இருவகைய. பொருளின்மீது பட்டுத் திரும்பும் ஒளியை அளப்பது ஒன்று. பொருளின்மீது வந்து விழும் ஒளியை அளப்பது மற்றொன்று. காமிராவினுள் அமைந்தவை முதல் வகையின. அவை தம்முன் தோன்றுவது வெள்ளைச் சுவரோ கரிய எருமையோ என்று அறியமாட்டா. எதுவாயினும் அது நடுத்தரமான சாம்பல் நிறத்ததென்றே கொண்டு கணக்கிடும். நூற்றுக்கு 18 பங்கு ஒளியைத் திருப்பும் சாம்பல் அட்டையை அந்நடுநிறத்துக்கு அடையாளமாகப் படக்கலைஞர் வழங்குவர். சுண்ணாம்பு பூசிய சுவரும் வெளுத்த வேட்டியுமோ நூற்றுக்கு 80 பங்குக்கு அணித்தாக ஒளியைத் திருப்புவன. ஆதலின் வெண்மை நிறைந்த காட்சியை நோக்கிய மானி, ஒளி மிகுதியென்று கருதி, வேண்டியதில் நாலில் ஒரு பங்கே போதும் என்று கூறிவிடும். வெண்மை சாம்பலாகும், அவ்வெண்மைக்கு நடுவிலிருக்கும் கரிய முகம் கரியே ஆகும். இதனை மானியின் பொய் என்றல் ஆகாது. அதனிடம் நாம் கேட்பது முகத்தைப் பற்றி. அது விடையிறுப்பதோ சுவரைப் பற்றி.

வெயிலில் இக்குறை பெரிதாகத் தோன்றுவதில்லை. பிலிமின் வேகம் 100 ஆயின், துவாரத்தை எப் 16இலும் ஷட்டரை நூற்றில் ஒரு பங்கு வினாடியிலும் வைத்தால் நேர்வெயிலிற் படம் பழுதின்றி அமையும் என்பது படக்கலைஞரின் பழைய வாய்பாடு, மானியே வேண்டுவதில்லை. சூரியன் எங்கோ தொலைவில் இருத்தலின் களத்தின் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஒளியில் வேறுபாடு இல்லை. வீட்டினுள்ளோ நிலைமை வேறு. நேர்வெயிலின் ஒளி ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். இரவில் ஒரு சிற்றறையின் ஒளி நூறு லக்ஸ் இருத்தலே பெரிது. ஆயிரம் மடங்கு இவ்வேறுபாட்டைக் கண் உணர்வதில்லை; சிறிது நேரத்தில் அது தன்னை இருளுக்கு இசைவித்துக்கொள்ளும். மேலும், விளக்கு அருகிலுள்ள பொருளாதலின், அதனின்று இருமடங்கு விலகினால் ஒளி பாதியாவதில்லை. நாலில் ஒரு பங்காகின்றது. விளக்கடியில் நிற்கும் மணமகனுக்கும், நான்கடி பின்னே நிற்கும் அவன் பாட்டனுக்கும் ஒரே அளவு பொருந்தாமை இதனாலேயே ஆகும்.

நிற்க. விளக்குகளின் இயல்பும் ஒன்றுபோல் இல்லை. பழைய குண்டு பல்பு தான் உண்ணும் மின்சாரத்தின் பெரும்பங்கைக் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராகவே உமிழ்வது. தெரியும் ஒளியும் செம்மை மிக்கது. பழைய பிலிம்கள் செவ்வொளிக்கு மெதுவாக இணங்கியமையால், ஒரே பிலிமுக்குப் பகலொளி வேகம் ஒன்றும் பல்பொளி வேகம் ஒன்றுமாக இரண்டு எண்கள் குறிக்கப்பட்டன. செலீனியத்துக்குப் பின் வந்த காட்மியம் சல்பைடு மானி மங்கலொளியிலும் இயங்கும். ஆயின் பேரொளியைக் கண்ட பின் சிறிது நேரம் அதன் நினைவிலேயே நிற்கும். வெயிலிலிருந்து வீட்டினுட் புகுந்தவுடன் அதனை நம்புதல் தகாது. மேலும் அவற்றுட் பலவும் பாதரச பாட்டரிக்கென அமைந்தவை; அப்பாட்டரி இப்பொழுது விற்கப்படுவதில்லை; வேறு அழுத்தமுள்ள பாட்டரியை இட்டால் அளவு பிறழும். இக்காலத்துச் சிலிகான் மானி விரைவும் உறுதியும் உடையது. எனினும் சிலிகான் வெப்பக் கதிரையும் ஒளியென்றே எண்ணும் இயல்பினது. முன்னே தக்க வடிகண்ணாடி இல்லையாயின், குண்டு பல்பின்கீழ் இல்லாத ஒளியை உண்டென்று கூறிவிடும்.

குழல் விளக்கும் எல். இ. டி. விளக்கும் வேறு வகையில் ஏமாற்றுவன. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைவது. ஆதலின் சோக்கு வைத்த பழைய குழல் விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறியிறங்கும். மலிவான எல். இ. டி. விளக்குகளுட் சிலவும் இங்ஙனமே துடிப்பன. கண் அதனைக் காணாது. மானியும் பல துடிப்புகளின் சராசரியையே காட்டும். ஷட்டர் ஐந்நூற்றில் ஒரு பங்கு வினாடியே திறக்குமாயின், ஒருகால் ஏற்றத்தைப் பிடிக்கும், ஒருகால் இறக்கத்தைப் பிடிக்கும். அடுத்தடுத்து எடுத்த இரு படங்கள் பகலும் அந்தியும் போல வேறுபடும். நூற்றில் ஒரு பங்கு அல்லது ஐம்பதில் ஒரு பங்கு வினாடி வைத்தால் முழுத் துடிப்புகள் அடங்குதலின் மானியின் சராசரியும் படமும் ஒத்து நிற்கும். குண்டு பல்புக்கோ மின்னழுத்தமே பெரும்பகை. அழுத்தம் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் அதன் ஒளி நூற்றுக்குப் பத்தன்று, ஏறக்குறைய முப்பது குறைந்துவிடும். மும்முனை மின்சாரம் வந்து தோட்டத்து மோட்டார்கள் ஓடத் தொடங்கிய மாலைகளில், கிராமத்து வீட்டுப் பல்பு சிவந்து மங்குவதை நம்முட் பலர் கண்டிருப்பர். மாலை ஆறு மணிக்கு எடுத்த அளவு ஏழு மணிக்கு உதவாது.

இனி, இக்கல்வி நமக்கு உண்மையில் வேண்டப்பட்ட ஓர் இடத்தைக் கூறுவாம்.

சேலத்துச் சீமையினின்று 1997ஆம் ஆண்டிற் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில், இராசிபுரத்துக்கு அணித்தாக, கொல்லிமலையை நோக்கியிருப்பது நாமகிரிப்பேட்டை. நாதசுர வித்துவான் கிருஷ்ணன் தம் பெயருக்கு முன் இவ்வூர்ப் பெயரைத் தாங்கியமையால் தமிழகமெங்கும் இசையன்பர் இதனை அறிவர். வாணிகர் இதனை மஞ்சளால் அறிவர். விரலி, உருண்டை, பனங்காலி என மூவகை மஞ்சளும் மூட்டை மூட்டையாக இங்கு ஏலத்துக்கு வரும். ஏலம் கேட்பவர் எவரும் மூட்டையைத் தொலைவில் நின்று பார்த்து விலை கூறுவதில்லை. விரலியை எடுப்பர், முறிப்பர், முறிந்த வாயின் நிறத்தை வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பர், பின்னரே வாய் திறப்பர். இவ்வழக்கத்தை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகின்றோம்.

அவ்வூரில் நம் உறவினர் இல்லம் ஒன்றில், எண்பது வயதைக் கடந்த மூதாட்டியார் ஒருவர் இருந்தார். வீட்டுப் பிள்ளைகள் அவரை அம்மாயி என்று அழைப்பர். நாமும் அவ்வாறே அழைத்தோம். அவர்தம் வாழ்நாள் முழுவதும் வெயிலில் மஞ்சட்காட்டிற் களையெடுத்தும், வேகவைத்த மஞ்சளைக் களத்தில் உலர்த்தியும் கழித்தவர். ஆயினும் அவருக்கென்று ஒரு நல்ல படம் அவ்வீட்டில் இல்லை. கலியாணப் படங்களில் அவர் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைச் சேலையாகவே தோன்றினார். ஓர் அடையாள அட்டையில் இருந்த படத்திலோ சேலையும் சுவரும் உண்டு. முகம் இருந்த இடத்தில் ஒரு நிழலே உண்டு. ஐப்பசி மாதத்து மழைநாளொன்றில் நாம் அங்குச் சென்றபொழுது, அவர் கட்டிலை விட்டு எழ இயலாதிருந்தார். அறையின் சன்னல் சிறிது, வானமோ கருத்திருந்தது. "மஞ்சள் மண்டிக்குப் போனவர்கள் பொழுது சாய்ந்துதான் வருவார்கள், எல்லாரும் இருக்கும்போது அம்மாயியை ஒரு படம் எடுத்துத் தர வேண்டும்" என்று அவர் மகளார் வேண்டிக்கொண்டனர். எதற்காக வேண்டினர் என்பதை அவரும் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை.

அம்மாயி நம் கையிலிருந்த காமிராவைச் சிறிது நேரம் நோக்கினார். பின்பு, "இந்தப் படத்திலாவது என் மூஞ்சி தெரியுமா, கண்ணு?" என்று கேட்டார்.

அறையில் இருந்தது ஒன்பது வாட்டு எல். இ. டி. விளக்கு ஒன்றே. சுவர் சுண்ணாம்பு வெள்ளை, சேலை வெள்ளை, விரிப்பும் வெள்ளை. அவற்றின் நடுவே ஒரு கரிய முகம். மானியை மயக்குவதற்கென்றே அமைத்து வைத்தது போன்ற காட்சி. நம்மிடமிருந்த பழைய செலீனிய மானியின் முள் அவ்வொளியில் அசைந்தும் அசையாமலும் நின்றது. சிலிகான் மானியைக் கதவோரத்தில் நின்று காட்டியபொழுது, வேகம் 400 உள்ள பிலிமுக்கு எப் 2 துவாரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு வினாடி என்று அது கூறிற்று. பின்னர் மானியின்மேல் வெண்குமிழைப் பொருத்தி, கட்டிலருகே சென்று, அம்மாயியின் கன்னத்தருகே பிடித்து, அங்கு வந்து விழும் ஒளியை அளந்தோம். ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு வினாடி என்று விடை வந்தது. கதவோரத்து விடைக்கும் கன்னத்தோரத்து விடைக்கும் நாலு மடங்கு வேறுபாடு. இந்நாலு மடங்கே முகத்துக்கும் நிழலுக்கும் உள்ள தூரம்.

ஆயின் பன்னிரண்டில் ஒரு பங்கு வினாடி நெடும்பொழுது. முதியவர் மூச்சு விடுதலாலேயே படம் கலங்கும். ஆதலின் விளக்கை நாடினோம். நீண்ட வயரிற் கோத்த ஹோல்டர் ஒன்றை வீட்டார் கொணர்ந்தனர். இரண்டு மீட்டர் தொலைவில் இருந்த விளக்கை ஒரு மீட்டருக்குக் கொணர்ந்தால் ஒளி நாலு மடங்காகும் என்பதை மேலே கூறினோம். மற்றொரு புறம் முகத்தில் நிழல் விழாதபடி, உலர்ந்த வேட்டியொன்றை இரண்டு பேரப்பிள்ளைகள் இருமுனையிலும் பிடித்து நின்றனர். மீண்டும் கன்னத்தருகே அளந்தோம். ஐம்பதில் ஒரு பங்கு வினாடி என்றது மானி. கதவோரத்திற் கூறிய அதே எண். அங்குப் பொருந்தாதது இங்குப் பொருந்திற்று. விளக்கின் துடிப்புக்கும் அது இசைந்த அளவாதலின் அச்சமின்றி எடுத்தோம்.

வேட்டியைப் பிடிக்கும் இவ்வுபாயம் நம்முடையதன்று. 1956ஆம் ஆண்டில் வெளிவந்த சத்தியஜித் ராயின் அபராஜிதோ என்னும் வங்காளப் படத்துக்காக, கல்கத்தாவில் கட்டிய காசி நகரத்து வீட்டு முற்றத்துக்கு ஒளியமைத்த சுப்ரதா மித்ரா, விளக்குகளை நேரே மனிதர்மேற் செலுத்தாமல், விரித்த வெள்ளைத் துணியிற் பட்டுத் திரும்புமாறு செய்தார். வானத்தின் மெல்லொளி அரங்கினுள் வந்தது. அதே ஆண்டில், நம் சேலத்து ஏற்காட்டுச் சாலையில் டி. ஆர். சுந்தரம் நடத்திவந்த மாடர்ன் தியேட்டர்ஸார், தமிழின் முதல் முழு வண்ணப்படமாகிய அலிபாபாவும் 40 திருடர்களும் என்பதை கேவாகலர் பிலிமில் வெளியிட்டனர். அக்காலத்து வண்ணப் பிலிம் மிக மெதுவானது. அரங்கைப் பெருவிளக்குகளால் நிரப்பினால் அல்லது நிறம் பதியாது. கல்கத்தாவார்க்கு ஒளி மென்மையாதல் வேண்டியிருந்தது. சேலத்தார்க்கு மிகுதியாதல் வேண்டியிருந்தது. நாமகிரிப்பேட்டையின் சிற்றறையில் இவ்விரண்டு தேவையும் ஒருங்கே நின்றன. ஒரு வயரும் ஒரு வேட்டியும் அவற்றை நிறைவேற்றின.

இவ்விடத்து ஒன்று கூறுதல் கடன். முகம் இருளடைவது மானியின் கணக்கால் மட்டும் அன்று. மேனாட்டில் வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களுக்குக் கோடக் கம்பெனியார் ஒரு மாதிரிப் படம் அனுப்பி வந்தனர். அதில் இருந்தவர் வெண்ணிற மேனியுடைய மாது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அம்மாதின் மேனி செவ்வையாகத் தோன்றினால் நிறமெல்லாம் செவ்வை என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. வெண்ணிற மேனி சாம்பல் அட்டையினும் ஏறக்குறைய இருமடங்கு ஒளியைத் திருப்பும். நம்மவருட் பலர் முகமோ அவ்வட்டைக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ நிற்கும். பிற்காலத்தில் பல நிறத்தாரும் அடங்கிய அட்டைகள் வந்தன. இன்று செல்பேசிகள் முகத்தைத் தாமே கண்டறிந்து ஒளியைத் திருத்த முயல்கின்றன. கரிய மேனியைச் செவ்வனே காட்டுதற்கென்று கூகிள் கம்பெனியார் 2021ஆம் ஆண்டுப் பிக்சல் செல்பேசியில் தனி முயற்சியும் செய்தனர். இவை வரவேற்கத்தக்கன. எனினும் வெள்ளைச் சுவரின் முன் மங்கிய விளக்கின்கீழ், கருவி முகத்தைக் காணும்முன் மனிதன் காணுதலே நலம்.

டிஜிட்டல் காமிராவில் எடுத்த படத்தை உடனே திரையிற் பார்த்துத் திருத்திக்கொள்ளலாமே என்று மாணவ நண்பர் சிலர் வினவக்கூடும். தக்க வினாவே. ஆயின் இருண்ட அறையில் ஒளிரும் திரை, தன் இயல்பினும் பிரகாசமாகவே தோன்றும்; இரவிற் செவ்விதாகக் கண்ட படம் மறுநாட் காலையில் இருண்டிருக்கக் காணலாம். ஆதலின் பின்வருவனவற்றைக் கைக்கொள்க. ஒன்று: மானியை முகத்தருகே கொண்டு சென்று அளக்க. இரண்டு: வந்து விழும் ஒளியை அளக்கும் கருவி இல்லையாயின், சாம்பல் அட்டையை முகத்தருகே பிடித்து அளக்க, அதுவும் இல்லையாயின், உம் உள்ளங்கையை அவ்வொளியிற் பிடித்து அளந்து, கூறிய அளவினும் இருமடங்கு ஒளி கொடுக்க. மேனி எந்நிறத்ததாயினும் உள்ளங்கையின் நிறம் மனிதர்க்குள் மிக வேறுபடுவதில்லை. மூன்று: குழல் விளக்கின்கீழும் எல். இ. டி. விளக்கின்கீழும் ஷட்டரை நூற்றில் ஒரு பங்கு வினாடிக்கு மேல் விரைவிக்கற்க. நான்கு: ஒளி போதாதாயின் கருவியை வருத்துமுன் விளக்கை அருகே கொணர்க.

அம்மாயியின் படம் பத்து நாளில் அச்சாகி வந்தது. அவர் அதனைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்து, "எங்கம்மா மாதிரியே இருக்குது" என்றார். தம் தாயாருக்குப் படமே இல்லை என்று பின்னர் அவர் கூறக் கேட்டோம். அவ்வாண்டு தை பிறக்குமுன் அம்மாயி இறைவனடி சேர்ந்தனர். அப்படமே இப்பொழுது அவ்வீட்டில் மாலையுடன் இருக்கின்றது. நெற்றிச் சுருக்கமும், மஞ்சட்காட்டு வெயில் கருக்கிய கன்னமும், இடக்கண்ணின் கீழிருந்த சிறு தழும்பும் அதிற் காண்கின்றன.

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை கூறினார். கோல் கோடாமல் நிற்றல் ஒருபாதியே. நிறுக்க வேண்டிய பொருள் தட்டில் ஏறுதல் மறுபாதி. தட்டில் ஏறாத பொருளுக்கு எந்தத் தராசும் நியாயம் செய்யாது. நாமகிரிப்பேட்டை மண்டியில் மஞ்சளை முறித்துப் பார்க்கும் வாணிகர் இதனை நன்கு அறிவர். காமிரா ஏந்தும் நாமும் அறிதல் வேண்டும். நம் கல்லூரி விழாக்களில் மேடைமேல் வீற்றிருப்பார்க்கு விளக்கு மிகுதி. அவர்தம் படம் எவ்வாற்றானும் அமையும். கடைசி வரிசையில் குழல் விளக்கின்கீழ் நிற்கும் விடுதிச் சமையற்காரரும், வாயிற்காவலரும், அன்றைய விழாவுக்குக் கிராமத்தினின்று வெள்ளை வேட்டியுடன் வந்து சுவரோரம் நிற்கும் மாணவரின் தந்தையாரும் அங்ஙனம் அல்லர். அடுத்த விழாவில் காமிரா ஏந்தும் நண்பர்கள், மேடையினின்று இறங்கி, மண்டபத்தின் கடைசி வரை நடந்து சென்று, அவர்கள் முகத்தருகே ஒருமுறை அளந்த பின்னரே ஷட்டரை அழுத்துவார்களாக.